பத்து நாள் ஜப்பான் போய் வந்தால் என்ன தெரிந்துவிடும்?

4 மே 2024 – ஒரு வாசகரின் கேள்வி

என் மகள் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரியில் இருந்து பத்து நாள் ஜப்பானுக்கு அழைத்துப் போகிறார்கள். பாதிச் செலவு எங்களுடையது. "வேறொரு பண்பாட்டைப் புரிந்துகொள்ளும் வாய்ப்பு" என்று கடிதத்தில் போட்டிருக்கிறார்கள். பத்து நாளில் என்ன புரியும்? போட்டோதான் மிஞ்சும் என்பது என் எண்ணம். போய் வந்தவர்கள் இருந்தால் மனசில் பட்டதைச் சொல்லுங்கள்.

4 மே, இரவு

ஐயா, நான் போயிருக்கிறேன். 2019 நவம்பர், கல்லூரி இரண்டாம் ஆண்டு. 2014-ல் ஜப்பான் அறிவியல் தொழில்நுட்ப முகமை தொடங்கிய சக்குரா சயின்ஸ் திட்டத்தில் எங்கள் கல்லூரியில் சிலருக்கு இடம் கிடைத்தது. டோக்கியோவில் பாதி, ஹிரோஷிமா பக்கம் பாதி. கடைசியில் இரண்டு இரவு ஒரு குடும்பத்தோடு தங்கினோம்.

பத்து நாளில் ஜப்பானைப் புரிந்துகொண்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது வரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் போட்டோதான் மிஞ்சும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். போவதற்கு முன்னால் என் மனசில் இரண்டு ஜப்பான் இருந்தன. ஒன்று வாட்ஸ்அப்பில் வருகிற ஜப்பான்: ரயில் கொஞ்சம் தாமதமானாலும் மன்னிப்புக் கேட்பார்கள், பள்ளிக்கூடத்தைப் பிள்ளைகளே கூட்டித் துடைப்பார்கள், தெருவில் குப்பைத்தொட்டியே இருக்காது, அவ்வளவு சுத்தம். இன்னொன்று என் அப்பத்தாவின் ஜப்பான். அது வேறு மாதிரி. அதை எழுதக் கொஞ்சம் நேரம் வேண்டும், அப்புறம் எழுதுகிறேன்.

5 மே, காலை

முதலில் பள்ளிக்கூடம். ஹிரோஷிமா பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு அழைத்துப் போனார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒலிபெருக்கியில் பாட்டு போட்டார்கள், பிள்ளைகள் எழுந்து வேலையைத் தொடங்கிவிட்டார்கள். நீளமான மரத் தாழ்வாரம். ஏழெட்டுப் பிள்ளைகள் ஈரத்துணியை இரண்டு கையாலும் தரையில் அழுத்திக்கொண்டு, முதுகைத் தூக்கி, ஒரே வரிசையில் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடுகிறார்கள். ஓட்டப்பந்தயம் மாதிரி. எங்கள் கூட்டத்தில் எல்லார் கையிலும் போன்.

நான் போனைக் கீழே இறக்கியது ஒரு பையனால்தான். அவன் துணியை முறுக்கிப் பக்கத்தில் இருந்தவன் முதுகில் அடித்துக்கொண்டிருந்தான். டீச்சர் வந்து ஏதோ சொன்னார். போனார். மறுபடி அடித்தான். மறுபடி வந்தார். மூன்றாவது முறை டீச்சரே குனிந்து அவன் கையோடு தன் கையை வைத்துத் துணியைப் பிழிந்து காட்டி, கூடவே பாதித் தாழ்வாரம் வரைக்கும் துடைத்துக்கொண்டு போனார். என் தம்பியைக் குளிக்க வைக்க அம்மா படும் பாடுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அது வரைக்கும் "ஜப்பான்காரர்கள் இயல்பிலேயே ஒழுங்கானவர்கள், நாம் அப்படி இல்லை" என்றுதான் நினைத்திருந்தேன். இயல்பும் இல்லை ஒன்றும் இல்லை. தினமும் பதினைந்து இருபது நிமிடம், வருடக்கணக்காக, பொறுமையான ஒரு டீச்சர் சொல்லிச் சொல்லி வருவது அது. ரத்தத்தில் இருப்பது என்றால் நாம் செய்வதற்கு ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும். சொல்லித்தந்து வருவது என்றால் கதை வேறு.

5 மே, மாலை

ஒரு திருத்தம். குப்பைத்தொட்டி இல்லாததற்குச் சுத்தம்தான் காரணம் என்று நானும் நம்பியிருந்தேன், ஊருக்கு வந்து நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் ஒரு மதக்குழு சாரின் விஷவாயுவை விட்டது. அதற்குப் பிறகுதான் பாதுகாப்புக்காகப் பொது இடங்களில் தொட்டிகளை எடுத்தார்கள். எங்களோடு சுற்றிய ஜப்பானிய ஆய்வக மாணவர் சொல்லித்தான் தெரியும். மக்கள் குப்பையைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு பயமும் இருக்கிறது.

7 மே

பள்ளிக்கூடம் பற்றி எழுதியதற்கு ஒரு தோழர் கேட்டிருக்கிறார்: "நம் ஊரில் பிள்ளைகளைக் கூட்டச் சொன்னால் எந்தப் பிள்ளைகளைச் சொல்வார்கள் என்று யோசித்தீர்களா?"

யோசித்தேன். திரும்பி வந்ததும் என் தோழியிடம் இந்தக் கதையை ஆர்வமாகச் சொன்னபோது அவள் முகம் மாறியது. அவள் படித்த பள்ளியில் கழிவறை கழுவ யாரைக் கூப்பிடுவார்கள் என்பது வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். எப்போதும் அதே நாலு பேர், அதே தெரு. அவளும் அதில் ஒருத்தி. "அங்கே எல்லாப் பிள்ளையும் ஓடுதுல்ல, அத மட்டும் சொல்லு" என்றாள். நான் தாழ்வாரத்தையும் துணியையும் மட்டும் பார்த்துவிட்டு வந்திருந்தேன். முறை வைத்து எல்லாரும் செய்கிறார்கள் என்பதை அவள்தான் எனக்குக் காட்டினாள், அவள் ஜப்பானுக்குப் போனதே இல்லை.

7 மே, இரவு

அதே தோழருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே சாதி மாதிரி எதுவும் இல்லை என்று நினைத்துத்தான் போனேன். ஒருநாள் இரவு நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்து சாதி என்றால் என்ன என்று அந்த ஆய்வக மாணவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு "எங்களிடமும் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசமாட்டோம்" என்றார்.

புராக்குமின் என்பார்கள். தோல் வேலை, மாடு அறுப்பது, பிணம் சார்ந்த வேலை செய்தவர்களின் வழிவந்தவர்கள். 1871-ல் சட்டப்படி அந்த இழிநிலையை நீக்கினார்கள். 1922-ல் கியோட்டோவில் சுயிஹெய்ஷா என்ற அமைப்பை அவர்களே தொடங்கி உரிமைக்காகப் போராடினார்கள். அப்படியும் 1975-ல் அவர்கள் வாழும் ஊர்ப் பெயர்களைத் தொகுத்து ரகசியமாகக் கம்பெனிகளுக்கு விற்ற புத்தகம் வெளியே தெரியவந்தது, வேலைக்கு வருகிறவன் எந்த ஊர் என்று பார்த்துத் தள்ளிவைப்பதற்கு. முகத்தில் ஒரு வித்தியாசமும் கிடையாது, பேச்சில் கிடையாது, முகவரியில் மட்டும்தான். "எந்த ஊர்? அந்த ஊரில் எந்தத் தெரு?" என்று நம் ஊரில் கேட்பதை அங்கே புத்தகமாகவே போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

9 மே

சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். கிடைக்கும், கஷ்டப்பட வேண்டும். காய்கறி சூப் என்று கொடுப்பதிலும் அடியில் மீன் சாறு இருக்கும், தாஷி என்பார்கள். அதை அவர்கள் அசைவமாகவே நினைப்பதில்லை. எங்களோடு வந்த ஒரு பெண் முதல் மூன்று நாள் வெறும் சோற்று உருண்டையும் வாழைப்பழமும் சாப்பிட்டாள்.

எனக்குப் பிரச்சினை இல்லை, நான் ராமநாதபுரத்துக்காரி. நாங்கள் தங்கிய வீடு சைஜோ என்ற ஊரில். அந்த வீட்டு அம்மா காலையில் மரக்கட்டை மாதிரி ஒன்றை எடுத்து, தலைகீழாகக் கவிழ்த்த இழைப்புளி பொருத்திய பெட்டியில் சரக் சரக்கென்று சீவினார். வாசனை வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டு மாசி! சூரை மீனை வேகவைத்துப் புகைபோட்டுக் காயவைத்த மாசிக் கருவாடு. அப்பத்தா அதை அம்மியில் தட்டித் தேங்காயும் மிளகாயும் சேர்த்துச் சம்பல் அரைப்பாள். அங்கே பெயர் கட்சுவோபுஷி, அதே சூரை வகைதான், பூஞ்சை ஏற்றி இன்னும் கெட்டியாக்குகிறார்கள். ஒரு சீவலை எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடினேன். அந்த அம்மா பயந்துவிட்டார், எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்து.

10 மே

மொழி பற்றி ஒருவர் கேட்டதற்கு நேற்று அவசரத்தில் "ஜப்பான் மொழி தமிழில் இருந்து வந்தது என்று நிரூபித்திருக்கிறார்கள்" என்று ஒரு வரி போட்டேன். தவறு, அழித்துவிட்டேன். ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய மொழியறிஞர் இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று பல வருடம் எழுதினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. வாக்கிய அமைப்பு ஒத்துப்போவது கொரிய மொழிக்கும் துருக்கி மொழிக்கும்கூட உண்டு.

ஆனால் காதில் விழும்போது வருகிற சந்தோஷம் ஆராய்ச்சியைக் கேட்டு வருவதில்லை. "வத்தாஷி மோ" என்றால் "நானும்". நம் "உம்" நிற்கும் இடத்தில் அவர்கள் "மோ" நிற்கிறது. கேள்வியா என்றால் நாம் கடைசியில் "ஆ" போடுவோம், அவர்கள் "கா" போடுவார்கள். வினை கடைசியில்தான். ஆங்கிலம் பேச நான் மண்டைக்குள் வாக்கியத்தைக் கவிழ்க்க வேண்டும், அங்கே வார்த்தையை மட்டும் மாற்றினால் போதும் என்று இருந்தது. நாலு நாளில் கடையில் சாமான் கேட்டு வாங்கினேன்.

12 மே

அப்பத்தா.

அப்பத்தா 1934-ல் மலாயாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். இரண்டாம் உலகப்போரில் மலாயா ஜப்பான் பிடியில் இருந்தது. அவளுக்கு ஒன்பது வயதில் அவளுடைய அப்பாவை ஜப்பான் ராணுவம் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில்பாதை போடக் கொண்டுபோனது. வரவே இல்லை. எங்கே செத்தார், எப்படிச் செத்தார், எதுவும் தெரியாது. போர் முடிந்து இரண்டு வருடம் கழித்து அம்மாவோடு ரஜூலா கப்பலில் ஏறி நாகப்பட்டினத்தில் இறங்கினாள்.

தாய்லாந்தில் இருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை. 1942 ஜூனில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். ஆசியக் கூலிகள் ஏறத்தாழ 90,000 பேர் என்று பொதுவாகச் சொல்வார்கள், மலாயாவில் இருந்து போனவர்களில் தமிழர்தான் அதிகம். காலராவில் கூடாரம் கூடாரமாகப் போனார்கள். காஞ்சனபுரியில் கைதிகளுக்குக் கிட்டத்தட்ட 7,000 கல்லறை, வரிசை வரிசையாக. அப்பத்தாவின் அப்பாவுக்கு ஒரு கல் கிடையாது.

நான் ஜப்பானுக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அப்பத்தா மட்டும் "அவன் ஊருக்கா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் பெட்டி கட்டும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னாள்: "அவனுகளப் பாத்தா குனியணும் ஆத்தா. காவக்காரனப் பாத்துக் குனியலன்னா கன்னத்துல அறைவான். எங்கம்மாவ அறைஞ்சான், ரோட்டுல வச்சு."

அங்கே இறங்கியதில் இருந்து எல்லாரும் எனக்குக் குனிந்து வணக்கம் சொல்கிறார்கள். விடுதியில், கடையில், ஆய்வகத்தில். பதிலுக்கு நான் குனியும் ஒவ்வொரு முறையும் அப்பத்தா சொன்னது மண்டைக்குள் ஓடியது. என்னோடு வந்த யாருக்கும் இந்தத் தொந்தரவு இல்லை. அவர்களுக்கு அது மரியாதை, அவ்வளவுதான். எனக்கு ஐந்தாறு நாள் ஆனது.

13 மே

நேற்று எழுதும்போது கை நடுங்கியதால் நிறுத்தினேன். மீதி.

டோக்கியோவில் ஒரு அரைநாள் ஓய்வு. மற்றவர்கள் கடைத்தெருவுக்குப் போனார்கள். அந்த ஆய்வக மாணவர் ரயில் பைத்தியம், அதை அவரே சொல்வார். தாய்லாந்தில் ஓடிய பழைய நீராவி இன்ஜின் ஒன்று இங்கே இருக்கிறது, பார்க்க வருகிறாயா என்று கேட்டார். யாசுகுனி ஆலயத்தை ஒட்டிய யூஷுகான் போர் அருங்காட்சியகம். உள்ளே நுழைந்த கூடத்திலேயே நிற்கிறது, சி56 வகை, எண் 31. கறுப்பு. பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் போர் விமானம்.

அவர் சக்கரத்தைக் காட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். நான் போனை விளக்கப் பலகை மேல் பிடித்து மொழிபெயர்ப்பைப் பார்த்தேன். தாய்–பர்மா ரயில்பாதை. இன்ஜினின் கதை இருந்தது. கூலிகளைப் பற்றி ஒரு வார்த்தை என் கண்ணில் படவில்லை, இரண்டு முறை தேடினேன்.

அவரிடம் சொன்னேன். எனக்கு வந்த உடைந்த ஆங்கிலத்தில், என் அப்பத்தாவின் அப்பா இந்தப் பாதையில்தான் செத்தார் என்று. முதலில் அவருக்குப் புரியவில்லை, இந்தியர் எப்படி அங்கே என்று கேட்டார். தோட்டம், மலாயா, லாரி என்று சொன்னேன். வெளியே வந்து கல் பெஞ்சில் உட்கார்ந்து போனில் வாசித்தார். கால் மணி நேரம் இருக்கும். மன்னிப்பு கேட்பார் என்று நினைத்தேன், கேட்கவில்லை. "அவர் பெயர் என்ன?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அப்பத்தாவின் அப்பா பெயர் எனக்குத் தெரியவில்லை! இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், கேட்டதில்லை.

அன்று இரவு வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டேன். கருப்பையா.

14 மே

ஈப்போவில் இருந்து எழுதிய அண்ணனுக்கு நன்றி. எல்லாரையும் பலவந்தமாக லாரியில் ஏற்றவில்லை, மூன்று மாத வேலை, நல்ல சம்பளம், அரிசி என்று ஆசைகாட்டி அழைத்துப் போனதும் நிறைய உண்டு, பிறகுதான் பிடித்துப்போக ஆரம்பித்தார்கள் என்கிறார். அப்பத்தாவும் ஒருமுறை "அரிசி தாரேன்னான்" என்று சொன்னாள். அதை நான் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

இன்னொருவர், "அப்படிப்பட்ட நாட்டுக்கு ஏன் இவ்வளவு வக்காலத்து?" என்கிறார். வக்காலத்து வாங்கவில்லை. அந்தப் பலகையில் கூலிகளைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே என்று எனக்கு இன்றைக்கும் கோபம்தான். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து வாசித்தவர் மேல் கோபம் இல்லை. இரண்டும் சேர்ந்தேதான் இருக்கிறது.

16 மே

ஹிரோஷிமா போகாமல் இதை முடிக்க முடியாது.

அங்கே ஊருக்குள் டிராம் ஓடுகிறது. 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15-க்குக் குண்டு விழுந்தது, மூன்றே நாளில் ஒரு பகுதியில் டிராமை மறுபடி ஓட்டினார்கள். அன்று தப்பிய வண்டிகளில் 651, 652 இரண்டையும் இன்னும் பராமரித்து வைத்திருக்கிறார்கள்.

அமைதிப் பூங்காவில் கொரியர்களுக்கு ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. அப்போது கொரியா ஜப்பானின் பிடியில் இருந்தது, வேலைக்கு இழுத்து வரப்பட்ட கொரியர்களும் குண்டில் செத்தார்கள். 1970-ல் அந்தத் தூணைப் பூங்காவுக்கு வெளியேதான் வைத்தார்கள், உள்ளே கொண்டுவர 1999 ஆனது. எங்களை அங்கே அழைத்துப் போனது ஒரு ஜப்பானியப் பெரியவர், தன்னார்வ வழிகாட்டி. அந்த 29 வருடத்தை அவரே விரல்விட்டு எண்ணிச் சொன்னார். யூஷுகானில் இருந்த ஜப்பானும் இவருடைய ஜப்பானும் ஒரே நாடு.

அருங்காட்சியகத்தில் ஒரு சாப்பாட்டு டப்பா. 13 வயதுப் பையனுடையது. அன்றைக்குக் காலையில் அம்மா கட்டிக்கொடுத்தது, சோறு கரியாகி அப்படியே உள்ளே இருக்கிறது. அந்த அம்மாதான் தேடிப்போய் மகனின் உடலையும் டப்பாவையும் கண்டுபிடித்தார். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

ஊருக்கு வந்ததும் அப்பத்தாவிடம் இன்ஜினைப் பற்றி எப்படிச் சொல்வது என்று தெரியாமல் டப்பாவைப் பற்றித்தான் முதலில் சொன்னேன். வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "உள்ள என்ன இருந்துச்சு?"

வாற்கோதுமையும் சோயாவும் கலந்த சோறு, உருளைக்கிழங்குப் பொரியல் என்றேன். "கெழங்கா" என்றாள். மலாயாவில் அந்தக் காலத்தில் அரிசி இல்லாமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுதான் உயிரோடு இருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "அவளுக்கும் அரிசி இல்ல போல" என்றாள். மறுபடி இடிக்க ஆரம்பித்தாள்.

17 மே

மேலே எழுதியதைப் படித்தால் அப்பத்தா மன்னித்துவிட்டாள் என்று தோன்றும், இரண்டு பேர் அப்படியே எழுதியும் விட்டீர்கள். இல்லை. இன்ஜினின் போட்டோவைக் காட்டினேன், அதைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். 2022-ல் கண்ணை மூடும் வரைக்கும் "அவனுக" என்றால் "அவனுக"தான். அந்தச் சைஜோ அம்மா ஒருநாள் வீடியோவில் கூப்பிட்டபோது மட்டும் எட்டிப் பார்த்தாள். தோட்டத்துப் பள்ளியில் ஜப்பான்காரன் சொல்லிக்கொடுத்த எண்கள் அவளுக்கு ஞாபகம் இருந்தது. "இச்சி, நி, சான், ஷி, கோ" என்றாள், அதற்கு மேல் வரவில்லை. அந்தம்மா "ரோக்கு, ஷிச்சி, ஹாச்சி" என்று எடுத்துக்கொடுத்தார். போனை வைத்ததும் அப்பத்தா சொன்னது: "இவ வேற, அவனுக வேற."

19 மே

ஐயா, மகளை அனுப்ப முடிவு செய்ததாக எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். பாதிப் பணம் நீங்கள் கட்டுவதால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: பத்து நாளில் எத்தனை நாள் அங்குள்ள மாணவர்களோடும் குடும்பங்களோடும் என்று. என் சித்தி மகள் ஒரு சுற்றுலா ஏஜென்ட் வழியாக வேறொரு நாட்டுக்குப் போனாள், "கல்விச் சுற்றுலா" என்றுதான் பெயர், பஸ்ஸில் இருந்து இறங்கியதெல்லாம் கடைகளில்தான். அந்த மாதிரி என்றால் வேண்டாம்.

நவம்பர் என்றால் ஸ்வெட்டர் போதும், மெல்லிய கோட்டு ஒன்று. கழற்றி மாட்டச் சுலபமான செருப்பு, வாசலுக்கு வாசல் கழற்ற வேண்டும். கைக்குட்டை இரண்டு, கழிவறைகளில் கை துடைக்க ஒன்றும் இல்லாத இடங்கள் உண்டு. தங்கும் வீட்டுக்கு ஏதாவது கொண்டுபோகச் சொல்லுங்கள், நான் பனங்கற்கண்டு கொண்டுபோனேன், டப்பாவோடு அலமாரியில் வைத்துக்கொண்டார்கள்.

அப்புறம், கிளம்புவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள், யாராவது அந்தப் பக்கம் போனார்களா, என்ன பெயர் என்று.